ஆற்றில் போட்டாலும் அளந்து போடு

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுக் கூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



செயலாளர் அண்ணன் போன மாதம் போன் செய்து, "நீ சிவில் படிச்சு பாலம் கட்டிக்கிட்டு இருக்க. பசங்களுக்கு வேலைவாய்ப்பைப் பத்திப் பத்து நிமிஷம் பேசு" என்றார். வேலைவாய்ப்பைப் பற்றிப் பேச என்னைவிடத் தகுதியான மூத்தவர்கள் இந்த மண்டபத்திலேயே பலர் இருக்கிறார்கள். ஆகவே அண்ணனின் அனுமதியோடு வேறொரு தலைப்பை எடுத்துக்கொண்டேன். ரயில் கட்டணம், ரயில்வேக்கு ஒதுக்கப்படும் பணம், அந்தக் கணக்கைக் கேட்டுப் பார்க்க நமக்குள்ள உரிமை ஆகியவைதான் என் பேச்சு. பத்து நிமிடத்தைத் தாண்டினால் அண்ணன் மன்னிக்க வேண்டும்.

இந்த ஊரில் நின்றுகொண்டு ரயிலைப் பற்றிப் பேசாமல் எதைப் பேசுவது? பௌர்ணமிக்குப் பௌர்ணமி லட்சக்கணக்கானவர்கள் வந்து பதினான்கு கிலோமீட்டர் கிரிவலம் சுற்றுகிறார்கள். கார்த்திகை தீபத்துக்கு ஊர் தாங்காது. ஆனால் அவர்களில் பெரும்பாலோர் வருவதும் போவதும் பேருந்தில்தான். நம் ஸ்டேஷன் விழுப்புரம் - காட்பாடி பாதையில் இருக்கிறது. மீட்டர் கேஜாக இருந்து அகலப்பாதையாக மாறிய பாதை. சென்னைக்கு ரயிலில் போக வேண்டுமென்றால் வடக்கே காட்பாடியைச் சுற்ற வேண்டும், இல்லையேல் தென்கிழக்கே விழுப்புரத்தைச் சுற்ற வேண்டும். மூக்கைத் தொடத் தலையைச் சுற்றுவது என்பார்களே, அந்தக் கதைதான்.

2024 மே 2-ஆம் தேதி, சென்னைக் கடற்கரையிலிருந்து வேலூர் கன்டோன்மென்ட் வரை வந்துகொண்டிருந்த மெமு ரயிலைத் திருவண்ணாமலை வரை நீட்டித்தார்கள். தொடங்கியபோது கட்டணம் 50 ரூபாய். பஸ் கட்டணத்தில் பாதிகூட இல்லை. மாலை ஆறு மணிக்குப் புறப்பட்டால் இங்கு வந்து சேர நள்ளிரவு ஆகும். ஆனாலும் ஸ்டேஷனில் அன்று என்ன கொண்டாட்டம் என்று ஊரில் இருந்தவர்களுக்குத் தெரியும். ஐம்பது ரூபாய்க்குச் சென்னை என்பது ஒரு கூலித் தொழிலாளிக்கும், சென்னையில் படிக்கும் பிள்ளையைப் பார்க்கப் போகும் தாய்க்கும் எவ்வளவு பெரிய விஷயம் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை.

இதே சாதாரண ரயிலுக்குக் கொரோனா காலத்தில் என்ன நடந்தது என்பதையும் நினைவுபடுத்த விரும்புகிறேன். நிறுத்திய பாசஞ்சர் ரயில்களைத் திரும்ப ஓட்டியபோது அவற்றுக்கு எக்ஸ்பிரஸ் கட்டணம் வசூலித்தார்கள். குறைந்தபட்சக் கட்டணம் 10 ரூபாயிலிருந்து 30 ரூபாய் ஆனது. ரயில் அதே ரயில், நிற்கும் ஸ்டேஷன்கள் அதே ஸ்டேஷன்கள். கட்டணம் மட்டும் மூன்று மடங்கு. 2024 பிப்ரவரி கடைசியில்தான் பழைய கட்டணம் திரும்பியது. ஏறியதையும் சரி, இறங்கியதையும் சரி, பெரும்பாலான பயணிகள் கவுன்ட்டரில் கை நீட்டியபோதுதான் தெரிந்துகொண்டார்கள்.

மின்சாரக் கட்டணத்தோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். தமிழ்நாட்டில் மின்கட்டணம் உயர வேண்டுமென்றால் மின்வாரியம் முதலில் ஒழுங்குமுறை ஆணையத்திடம் மனுப் போட வேண்டும். வரவு, செலவு, நஷ்டம் எல்லாம் அந்த மனுவில் இருக்கும். பொதுமக்கள் படிக்கலாம், எழுதலாம், நேரில் வந்தும் பேசலாம். 2022 ஆகஸ்டில் கோவை, மதுரை, சென்னையில் அப்படிக் கருத்துக்கேட்புக் கூட்டங்கள் நடந்தன. அதனால் கட்டணம் உயராமல் போய்விடவில்லை, உயர்ந்தது. ஆனால் எதற்காக உயர்கிறது என்ற காகிதம் மேசைமேல் இருந்தது. ரயில் கட்டணத்துக்கு அப்படி ஒரு கூட்டமே கிடையாது. 1989-ஆம் ஆண்டு ரயில்வே சட்டப்படி கட்டணத்தை நிர்ணயிக்கும் அதிகாரம் மத்திய அரசிடம் இருக்கிறது. முடிவு எடுப்பார்கள், அறிவிப்பார்கள், அவ்வளவுதான்.

2025-இல் இரண்டு முறை கட்டணம் ஏறியது. ஜூலை 1-இல் ஒரு முறை, டிசம்பர் 26-இல் ஒரு முறை. இரண்டாவது உயர்வில், சாதாரண வகுப்பில் 215 கிலோமீட்டர் வரை மாற்றம் இல்லை, அதற்கு மேல் கிலோமீட்டருக்கு ஒரு பைசா என்றார்கள். ஒரு பைசா பெரிய பாரம் இல்லைதான். எனக்குள் இருக்கும் இன்ஜினியர் கேட்கும் கேள்வி வேறு. அது என்ன 215? ஏன் 200 இல்லை, ஏன் 250 இல்லை? எங்கோ ஒரு கோப்பில் ஒருவர் கணக்குப் போட்டு, குறிப்பு எழுதி, மேலதிகாரி கையெழுத்துப் போட்டிருப்பார். கணக்குப் போடாமல் 215 என்ற எண் வராது. அந்தக் கணக்குத்தாளைப் பார்க்கும் உரிமை டிக்கெட் வாங்குகிற நமக்கு உண்டா இல்லையா? உண்டு என்கிறது சட்டம். அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் டிக்கெட்டில் அச்சடித்த ஒரு வரியைப் பற்றிச் சொல்ல வேண்டும். 2016-இல் ரயில் டிக்கெட்டுகளில் ஒரு வாசகம் வரத் தொடங்கியது. பயணச் செலவில் சராசரியாக 57 சதவீதம்தான் ரயில்வேக்குத் திரும்பக் கிடைக்கிறது என்பது அதன் சாரம். மீதி 43 சதவீதத்தைப் பொதுமக்கள் சுமக்கிறார்கள் என்று இன்டர்நெட் டிக்கெட்டிலும் போட்டார்கள். பிறகு 2024-இல் ரயில்வே அமைச்சர் நாடாளுமன்றத்தில், ஒவ்வொரு பயணிக்கும் சராசரியாக 46 சதவீதம் மானியம், ஆண்டுக்கு மொத்தம் 56,993 கோடி ரூபாய் என்றார்.

இதைப் பொய் என்று சொல்ல நான் வரவில்லை. பயணிகள் பிரிவில் பெரிய நஷ்டம் இருக்கிறது என்பதை அரசின் தணிக்கைத் துறையும் சொல்கிறது. 2021-22-ஆம் ஆண்டில் அந்த நஷ்டம் 68,269 கோடி என்றும், சரக்குப் போக்குவரத்தில் வந்த லாபம் முழுவதும் அதை ஈடுகட்டவே போய்விட்டது என்றும் சி.ஏ.ஜி. அறிக்கை கூறியது. ஆனால் நாம் படித்த படிப்பு, எண்ணைப் பார்த்ததும் அது எப்படி வந்தது என்று கேட்கச் சொல்கிறதே!

ஒரே தண்டவாளத்தில் பாசஞ்சரும் போகிறது, கூட்ஸும் போகிறது. ஒரே சிக்னல், ஒரே ஸ்டேஷன் மாஸ்டர், ஒரே கேங்மேன். தண்டவாளத்தைப் பராமரிக்க நூறு ரூபாய் செலவானால் அதில் பாசஞ்சருக்கு எவ்வளவு, கூட்ஸுக்கு எவ்வளவு? கூட்டுக் குடும்பத்தில் மளிகைச் செலவைப் பங்கு பிரிப்பது போலத்தான். சாப்பிட்ட இலைக் கணக்கில் பிரித்தால் ஒரு பங்கு வரும், ஆள் கணக்கில் பிரித்தால் வேறு பங்கு வரும். பிரிக்கும் முறை மாறினால் நஷ்டத்தின் அளவும் மாறும். ரயில்வே வாரியம் பயணிகள், சரக்குச் சேவைகளின் செலவுக் கணக்கை ஆண்டுதோறும் தொகுக்கிறது. டிக்கெட்டில் ஒரு வரி போட இடம் இருந்தால், அந்த வரி எங்கிருந்து வந்தது என்ற விவரமும் பயணியின் கைக்கு எட்டும் இடத்தில் இருக்க வேண்டும் என்பதுதான் என் வாதம்.

கணக்கைத் திறந்து பார்த்தால் என்ன தெரியும் என்பதற்கு இன்னொரு உதாரணம். ரயில்வேயில் ஆப்பரேட்டிங் ரேஷியோ என்று ஒன்று உண்டு. நூறு ரூபாய் சம்பாதிக்க எத்தனை ரூபாய் செலவாகிறது என்பதே அது. 2017-18-இல் அது 98.44. அதாவது நூற்றுக்கு ஒன்றரை ரூபாய் மிச்சம். ஆனால் சி.ஏ.ஜி. உள்ளே போய்ப் பார்த்தது. என்.டி.பி.சி., இர்கான் ஆகிய இரண்டு அரசு நிறுவனங்களிடமிருந்து முன்பணமாக வாங்கிய தொகையும் அந்த ஆண்டு வருமானத்தில் சேர்ந்திருந்தது. அதைக் கழித்துவிட்டால் விகிதம் 102.66. மிச்சம் போய்ப் பற்றாக்குறை ஆகிவிடுகிறது. இந்த அறிக்கை இரகசியக் காகிதம் அல்ல. நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டு, யார் வேண்டுமானாலும் படிக்கும்படி வெளியானது. நம்மில் எத்தனை பேர் படித்தோம் என்பது வேறு கேள்வி.

அடுத்து நம் வீட்டுப் பெரியவர்களின் விஷயம். மூத்த குடிமக்களில் ஆண்களுக்கு 40 சதவீதமும் பெண்களுக்கு 50 சதவீதமும் இருந்த கட்டணச் சலுகை 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டது. கொரோனா நேரத்தில் பெரியவர்கள் பயணம் செய்யாமல் இருக்கட்டும் என்று காரணம் சொன்னார்கள். கொரோனா போய்விட்டது, சலுகை வரவில்லை. மத்தியப் பிரதேசத்தைச் சேர்ந்த ஒரு குடிமகன் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனுப் போட்டார். பதில் வந்தது. 2020 மார்ச் 20 முதல் 2022 மார்ச் 31 வரை 7.31 கோடி மூத்த குடிமக்கள் சலுகை இல்லாமல் பயணம் செய்திருக்கிறார்கள். அவர்களிடமிருந்து கிடைத்த வருமானம் 3,464 கோடி. அதில் சலுகையை நிறுத்தியதால் கூடுதலாக வந்தது மட்டும் 1,500 கோடி. பத்து ரூபாய்க் கட்டணத்தில் ஒருவர் கேட்ட கேள்விக்கு வந்த பதில் நாடு முழுவதும் பத்திரிகைகளில் வந்தது. சலுகை திரும்பவில்லை என்பது உண்மை. ஆனால் அதுவரை "சலுகை போச்சே" என்று புலம்பிக்கொண்டிருந்த பெரியவர், அதன் பிறகு கையில் ஒரு எண்ணோடு பேச முடிந்தது. புலம்பலுக்குப் பதில் சொல்லாமல் இருக்கலாம். எண்ணுக்குப் பதில் சொல்லாமல் இருப்பது கஷ்டம்.

இப்போது நம் ஊர்ப் பாதைக்கு வருகிறேன். திண்டிவனத்திலிருந்து செஞ்சி வழியாகத் திருவண்ணாமலைக்கு சுமார் 70 கிலோமீட்டர் புதிய ரயில் பாதை. 2006-07 ரயில்வே பட்ஜெட்டில் இடம்பெற்ற திட்டம். அது வந்தால் சென்னைக்குத் தலையைச் சுற்ற வேண்டியதில்லை. செஞ்சிக்கோட்டைக்குப் பக்கத்தில் ரயில் வரும். அந்தத் திட்டம் புத்தகத்தில் ஏறிய ஆண்டில் பிறந்த குழந்தைகள் இன்று இந்த மண்டபத்தில் முதலாம் ஆண்டு, இரண்டாம் ஆண்டு மாணவர்களாக உட்கார்ந்திருக்கிறீர்கள். நீங்கள் வளர்ந்த வேகத்தில் பாதை வளரவில்லை.

ஏன் என்று டீக்கடையில் கேட்டால் ஆளுக்கொரு கட்சியைத் திட்டுவார்கள். நான் கட்சிகளைப் பற்றிப் பேச வரவில்லை, காகிதத்தைப் பற்றிப் பேசுகிறேன். ரயில்வேயில் பிங்க் புக் என்று ஒரு புத்தகம் உண்டு. எந்த மண்டலத்தில் எந்த வேலைக்கு எவ்வளவு பணம் என்று வரிவரியாக இருக்கும். தெற்கு ரயில்வே பகுதியை எடுத்துப் புதிய பாதைகள் என்ற தலைப்புக்குப் போனால் நம் பாதையின் பெயர் இருக்கும். அதற்கு நேரே மொத்த மதிப்பீடு எவ்வளவு, இதுவரை செலவானது எவ்வளவு, இந்த ஆண்டு ஒதுக்கீடு எவ்வளவு என்று பார்க்கலாம்.

சில ஆண்டுகளில் தமிழ்நாட்டின் பல புதிய பாதைத் திட்டங்களுக்கு நேரே இருந்த ஒதுக்கீடு என்ன தெரியுமா? ஆயிரம் ரூபாய். ஆயிரம் கோடி இல்லை, வெறும் ஆயிரம் ரூபாய்! இன்று இந்த மண்டபத்துக்குக் கட்டிய பூச்சரத்துக்குக்கூடப் போதாது. இதற்கு அடையாள ஒதுக்கீடு என்று பெயர். திட்டத்தைக் கைவிட்டோம் என்று சொல்லாமல், வேலையும் செய்யாமல், பெயரை மட்டும் புத்தகத்தில் உயிரோடு வைத்திருக்கும் ஏற்பாடு. தேர்தல் மேடையில் "திட்டம் நடைமுறையில் இருக்கிறது" என்று சொன்னால் அது பொய் ஆகாது. பிங்க் புக்கைப் பார்த்தவனுக்கு மட்டும்தான் அந்த வாக்கியத்தின் எடை எவ்வளவு என்று தெரியும்.

முன்பெல்லாம் ரயில்வேக்குத் தனி பட்ஜெட் இருந்தது. ஆக்வொர்த் கமிட்டி பரிந்துரைப்படி 1924-இல் பிரித்த ஏற்பாடு அது. அமைச்சர் பேச்சை ரேடியோவில் கேட்டு, நம் ஊர்ப் பெயர் வருகிறதா என்று ஆவலோடு காத்திருந்த காலம் சீனியர்களுக்கு நினைவிருக்கும். 2017-18-இலிருந்து அதைப் பொது பட்ஜெட்டோடு சேர்த்துவிட்டார்கள். தனிப் பேச்சு இல்லை, தனி விவாதத்துக்கும் முன்பிருந்த கவனம் இல்லை. ஆகவே காகிதத்தைத் தேடிப் படிக்கும் பொறுப்பு நம்மேல் கூடுதலாக விழுந்திருக்கிறது.

கணக்கைக் கேட்பது ஏதோ வெளிநாட்டிலிருந்து வந்த பழக்கம் என்று சிலர் நினைக்கிறார்கள். 1766-இல் ஸ்வீடன் நாடு அரசுக் காகிதங்களை மக்கள் பார்க்கலாம் என்று சட்டம் போட்டது, உலகத்திலேயே முதலாவது, உண்மைதான். ஆனால் நம் அண்ணாமலையார் கோயிலுக்குள் போகும்போது சுவரைக் கொஞ்சம் பாருங்கள். சோழர் காலம் முதல் விஜயநகர காலம் வரையிலான கல்வெட்டுகள் இருக்கின்றன. தமிழ்நாட்டுக் கோயில் கல்வெட்டுகளில் என்ன எழுதியிருக்கிறது? விளக்கெரிக்க இத்தனை ஆடு, பூசைக்கு இந்த நிலம், அதன் கிழக்கெல்லை இது, மேற்கெல்லை இது, கொடுத்தவர் இன்னார், பொறுப்பேற்றவர் இன்னார். கணக்கைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டாமல், வருகிறவன் போகிறவன் கண்ணில் படும்படி கல்லில் வெட்டி வைத்தார்கள். காஞ்சிபுரம் பக்கத்தில் உத்திரமேரூரில் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டு, வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய நெருங்கிய உறவினரும் மறுபடி வாரியத்துக்கு வர முடியாது என்று சொல்கிறது. ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்பு! ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்று நம் பாட்டிகள் சொன்னது சும்மா இல்லை.

இந்த வழக்கம் அறுந்தது கம்பெனி காலத்தில்தான் என்று எனக்குத் தோன்றும். 1856 ஜூலை 1-இல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை தென்னாட்டின் முதல் பயணிகள் ரயில் ஓடியது. அந்தக் கால ரயில் கம்பெனிகளுக்குப் போட்ட முதலுக்கு 5 சதவீத வருமானம் உறுதி என்று ஒப்பந்தம். குறைந்தால் இந்திய மக்களின் வரிப்பணத்தில் ஈடு. செலவைக் குறைக்க வேண்டும் என்ற அக்கறை யாருக்கு வரும்? பணம் கொடுத்தவன் இங்கே, கணக்குப் பார்த்தவன் லண்டனில்.

சுதந்திர இந்தியாவில் கணக்கைக் கேட்கும் உரிமையை மீட்டதில் பெரிய பங்கு ராஜஸ்தான் கிராமத்துக் கூலித் தொழிலாளர்களுடையது. மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் என்ற அமைப்பு 1990-இல் தொடங்கியது. கூலி கொடுத்ததாக எழுதியிருக்கும் மஸ்டர் ரோலைக் காட்டு என்றார்கள். 1994 கடைசியிலிருந்து ஊர் கூட்டி அந்தக் காகிதங்களை உரக்கப் படித்தார்கள். செத்துப்போனவர் பெயரிலெல்லாம் கூலி எழுதியிருந்தது வெளியே வந்தது. 1996-இல் பியாவர் நகரில் நாற்பது நாள் தர்ணா. நம் தமிழ்நாடும் பின்தங்கவில்லை. 1997-லேயே இங்கு ஒரு தகவல் அறியும் உரிமைச் சட்டம் வந்தது. ஓட்டைகள் நிறைய இருந்தாலும் மாநிலங்களில் முன்னோடி. பிறகு நாடு முழுமைக்குமான சட்டம் 2005 அக்டோபர் 12 முதல் நடைமுறைக்கு வந்தது. இலங்கையில் 2016-இல் இயற்றிய சட்டம் 2017 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது.

மாணவர்களுக்காக இதை எப்படிப் பயன்படுத்துவது என்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ரயில்வே மத்திய அரசுத் துறை. நம் ஸ்டேஷன் திருச்சிராப்பள்ளிக் கோட்டத்தில் வருகிறது. மனுவைத் தமிழிலேயே எழுதலாம், சட்டம் அனுமதிக்கிறது. கட்டணம் பத்து ரூபாய், போஸ்டல் ஆர்டராக எடுக்கலாம். ஆன்லைனிலும் போடலாம். எதற்குக் கேட்கிறாய் என்று யாரும் கேட்கக்கூடாது, நீங்களும் சொல்ல வேண்டியதில்லை. மனு 500 வார்த்தைக்குள் இருக்கட்டும். முப்பது நாளில் பதில் வர வேண்டும். வரவில்லை என்றால் மறுத்ததாகவே அர்த்தம். அதே துறையில் முதல் மேல்முறையீடு, அதற்கும் மேலே மத்தியத் தகவல் ஆணையம்.

கேள்வி கேட்கும் விதத்தில்தான் எல்லாம் இருக்கிறது. "எங்கள் ஊருக்கு ஏன் ரயில் விடவில்லை?" என்று கேட்டால் அது மனு அல்ல, சண்டை. அலுவலர் தன்னிடம் இருக்கும் ஆவணத்தைத்தான் தர முடியும், மனதில் இருக்கும் காரணத்தைத் தர முடியாது. ஆகவே ஆவணத்தைக் கேளுங்கள். 215 கிலோமீட்டர் என்ற முடிவுக்கு அடிப்படையான குறிப்புக் கோப்பின் நகல். திண்டிவனம் பாதைக்கு ஆண்டு வாரியாக ஒதுக்கிய தொகை, செலவழித்த தொகை. இப்படி. சட்டத்தின் நான்காம் பிரிவு, மக்களைப் பாதிக்கும் முக்கிய முடிவுகளை அறிவிக்கும்போது அது தொடர்பான உண்மைகளை அரசே முன்வந்து வெளியிட வேண்டும் என்கிறது. அதைக் குறிப்பிட்டுக் கேட்கலாம். நகல் வேண்டாம், நேரில் பார்க்கிறேன் என்றும் சொல்லலாம். முதல் ஒரு மணி நேரம் இலவசம்.

எல்லாம் கேட்டவுடன் கிடைத்துவிடும் என்று ஆசை காட்ட மாட்டேன். வணிக இரகசியம் என்ற விதிவிலக்கு இருக்கிறது. கட்டணம் நிர்ணயிப்பதில் வேறு போட்டியாளரே இல்லாத ஒரு துறைக்கு அது எவ்வளவு பொருந்தும் என்பது விவாதத்துக்குரியது. பொதுநலன் பெரிது என்றால் விதிவிலக்கையும் தாண்டித் தரலாம் என்று அதே சட்டம் சொல்கிறது. ஆணையத்தில் இரண்டாம் மேல்முறையீட்டுக்கு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். 2019 திருத்தத்தில் ஆணையர்களின் பதவிக்காலத்தையும் சம்பளத்தையும் மத்திய அரசே தீர்மானிக்கும் என்று மாற்றினார்கள். 2023-ஆம் ஆண்டு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் வழியே தனிநபர் தகவல் என்ற விதிவிலக்கும் விரிவாக்கப்பட்டு, 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்துவிட்டது. கேள்வி கேட்டதற்காக உயிரை விட்டவர்களும் உண்டு. 2010-இல் மகாராஷ்டிராவில் சதீஷ் ஷெட்டியும் குஜராத்தில் அமித் ஜேத்வாவும் கொல்லப்பட்டார்கள். நாம் பத்து ரூபாய் என்று சாதாரணமாகச் சொல்லும் உரிமைக்குப் பின்னால் அவர்கள் இருக்கிறார்கள்.

ஒரு அனுபவத்தைச் சொல்லி முடிக்கும் பக்கம் வருகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சின்னப் பாலம் வேலையில் நான் சைட் இன்ஜினியர். இங்கிருக்கும் சிவில்காரர்களுக்குத் தெரியும், எம்.புக்கில் ஏறாத வேலைக்கு பில் கிடையாது. அளந்ததை அளந்தபடி எழுதிக் கையெழுத்துப் போட வேண்டிய புத்தகம் அது. ஒருநாள் ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர், எம்.புக்கைப் பார்வையிடத் தகவல் சட்டத்தில் அனுமதி வாங்கிக்கொண்டு, துறை அலுவலரோடு சைட்டுக்கு வந்தார். எங்கள் மேஸ்திரிக்கு ஒரே எரிச்சல். "வேலை வெட்டி இல்லாத ஆளு சார்" என்றார். வாத்தியார் அவசரப்படாமல் டேப்பைப் பிடித்து, புத்தகத்தில் எழுதியிருந்த நீளம், அகலம், கனம் ஒவ்வொன்றையும் சரிபார்த்தார். எல்லாம் சரியாக இருந்தது. போகும்போது, "ஐயா, குறை ஒண்ணும் இல்லையே, இவ்வளவு தூரம் வெயில்ல வந்தீங்களே" என்றேன். அவர் சிரித்துக்கொண்டே, "சரியா இருக்குன்னு ஊர்ல போய் யாராவது சொல்லணும்ல தம்பி? அதுக்குத்தான் வந்தேன்" என்றார்.

அன்றுதான் எனக்கு ஒன்று விளங்கியது. கணக்கைத் திறந்து வைப்பது திருடனைப் பிடிக்க மட்டும் அல்ல. ஒழுங்காக வேலை செய்தவனின் பெயரைக் காப்பாற்றவும் அதுதான் வழி. ரயில்வேயில் லட்சக்கணக்கானவர்கள் வெயிலிலும் மழையிலும் உழைக்கிறார்கள். நம் சங்கத்திலேயே ரயில்வே ஊழியர்கள் இருக்கிறார்கள். பயணிகள் பிரிவு நஷ்டத்தில் ஓடுவது உண்மையானால், அந்தக் கணக்கு முழுதாக வெளியே வருவது ரயில்வேக்கும் நல்லது. ஏழை செல்லும் ரயிலுக்கு மானியம் தர வேண்டுமா என்று நாடு தெரிந்து முடிவு செய்யட்டும். நான் வேண்டும் என்பேன், இன்னொருவர் வேண்டாம் என்பார். இரண்டு பேர் முன்னாலும் ஒரே காகிதம் இருக்க வேண்டும்.

ஆகவே சங்கத்துக்கு என் பணிவான வேண்டுகோள். ஆண்டுதோறும் பிங்க் புக் வெளியானதும் அதில் நம் மாவட்டத்தைத் தொடும் பக்கங்களைப் பிரதி எடுத்து, நம் கல்லூரி நூலகத்தில் ஒரு ஃபைலில் வைப்போம். முதல் ஃபைலுக்கான செலவு என்னுடையது. மாணவர்கள் திண்டிவனம் பாதையின் ஒதுக்கீட்டையும் செலவையும் ஆண்டு வாரியாக ஒரு கிராஃபில் குறித்து நோட்டீஸ் போர்டில் ஒட்டுங்கள். விடுபட்ட ஆண்டுகளுக்கு ஒரு மனுப் போடுங்கள், நானும் உங்களோடு கையெழுத்துப் போடுகிறேன். அடுத்த கூடலில் நாம் பேசும்போது டீக்கடை வதந்தி பேசாமல், நாமே சேர்த்த கணக்கைப் பேசுவோம். எந்தக் கட்சி எம்.பி. வந்தாலும் அந்தக் கிராஃபைக் காட்டி, "ஐயா, இந்தக் கோடு ஏன் படுத்துக் கிடக்கிறது?" என்று மரியாதையாகக் கேட்போம்.